‘அங்கிள்’ வழியாகப் போக வேண்டாம்: சொற்பிறப்பு எழுதுவோருக்கு ஒரு திறந்த மடல்

ஐரோப்பிய மொழிகளின் உறவுப்பெயர்களைத் தமிழில் விளக்கி எழுதும் ஆசிரியர்களுக்கு,

வணக்கம். ஜெர்மானிய (ஆங்கிலம், ஜெர்மன், கோதிக் முதலியவை அடங்கிய மொழிக் கிளை) உறவுச் சொற்களுக்கு வேர் தேடும்போது இன்றைய ஆங்கில வடிவத்திலிருந்து தொடங்குகிறீர்கள். பெரும்பாலான பிழைகள் அங்கேதான் முளைக்கின்றன.

‘ஃபாதர்’, ‘பிரதர்’ இரண்டிலும் இன்று ஒரே ‘த’. பழைய ஆங்கிலத்தில் அப்படியில்லை: ஃபேடர், மோடொர், ஆனால் ப்ரோதொர். முதலிரண்டில் ‘ட’ போய் ‘த’ வந்தது மிகப் பிந்தி, 1500ஐ ஒட்டி. ஜெர்மன் மொழி பழைய வேறுபாட்டை வேறு ஒலிகளில் இன்றும் காக்கிறது: ஃபாட்டர், முட்டர் என்று வல்லொலி; ப்ரூடர் என்று மெல்லிய ‘ட’. இதற்குக் காரணம் அசையழுத்தம் (சொல்லில் எந்த அசை அழுத்தி ஒலிக்கிறது என்பது) என்று 1870களில் காட்டியவர் டென்மார்க்கின் கார்ல் வெர்னர். ஜெர்மானியத்துக்கு உறவான, பழைய அழுத்தத்தைக் காக்கும் வேத மொழியில் பிதர், மாதர் இரண்டுக்கும் அழுத்தம் கடைசி அசையில், ப்ராதருக்கு முதலசையில். ஜெர்மானியத்தில் அந்த அழுத்தம் பிறகு அழிந்துவிட்டது, தடம் மட்டும் மெய்யில் தங்கிவிட்டது.

‘சிஸ்டர்’ சொல்லின் நடுவிலுள்ள ‘ட்’ ஜெர்மானியம் செருகியது. சமஸ்கிருத ‘ஸ்வஸர்’ சொல்லில் அதைத் தேடாதீர்கள்.

அடுத்தது ‘அத்தா’. 4ஆம் நூற்றாண்டில் வுல்ஃபிலா என்ற ஆயர், வழக்கொழிந்த ஜெர்மானிய மொழியான கோதிக்கில் பெயர்த்த பைபிளில் தந்தைக்கு வழக்கமான சொல் இதுதான். ‘ஃபதர்’ எஞ்சிய ஏடுகளில் ஒரே இடத்தில், கலாத்தியர் 4:6இல் மட்டும் வருகிறது. நம் ‘அத்தன்’ உடனே நினைவுக்கு வரும். ஆசை யாரை விட்டது? ஆனால் பண்டைய அனத்தோலியாவின் ஹிட்டைட் மொழியிலும் துருக்கி மொழியிலும்கூட இதையொத்த சொற்கள் உண்டு. மழலை வாயில் எளிதில் வரும் ஒலிகள் இவை. மொழியுறவுக்கு இவற்றைச் சான்றாக நிறுத்த முடியாது.

தமிழுக்கு உண்மையில் கைகொடுக்கும் இடம் வேறு. பழைய ஆங்கிலத்தில் தாயின் உடன்பிறந்தான் ‘ஏயாம்’, தந்தையின் உடன்பிறந்தான் ‘ஃபேடெரா’. தந்தையின் உடன்பிறந்தாள் ‘ஃபாது’, தாயின் உடன்பிறந்தாள் ‘மோட்ரியெ’. ‘அங்கிள்’, ‘ஆண்ட்’ இரண்டும் 1066இல் நார்மன்கள் இங்கிலாந்தைக் கைப்பற்றியபின் பிரெஞ்சிலிருந்து நுழைந்து இந்நான்கையும் விழுங்கின. ஆகவே ‘ஏயாம்’ என்பதை நேரே ‘மாமன்’ என்றே எழுதலாம். ‘அங்கிள்’ வழியாக வந்தால் அவர் சித்தப்பாவாகிவிடுவார். பிழை சிறிதல்ல: சகோதரி மகனைத் தந்தை போற்றுவதுபோலவே தாய்மாமனும் போற்றுவதை ரோமானிய வரலாற்றாசிரியர் டாசிட்டஸ் கி.பி. 98இலேயே ஜெர்மானியரிடம் குறித்திருக்கிறார். ‘ஃபேடெரா’வுக்குத்தான் திண்டாட்டம். பெரியப்பாவா சித்தப்பாவா என்று அச்சொல் சொல்வதில்லை. ‘தந்தையின் உடன்பிறந்தான்’ என்றே விட்டுவிடுங்கள்.

ஜெர்மன் ‘ஃபெட்டர்’ இன்னும் வழுக்கும். முன்பு தந்தையின் உடன்பிறந்தானைக் குறித்தது, இன்று ஒன்றுவிட்ட சகோதரனை. அகராதியைத் திறக்குமுன் மூலநூல் எழுதப்பட்ட ஆண்டைப் பாருங்கள்.

அன்புடன்,
ஒப்பியல் மொழியியல் பயில்வோர் சிலர்