கொண்டைக்காரி தொட்டிக்குத் திரும்பிவிட்டாள்

பாப்பாவுக்கு,

அம்மா பருப்புப் பொடியும் நாரத்தங்காயும் அனுப்புகிறாள். டப்பாவுக்கு அடியில் இதையும் வைக்கிறேன். வாட்ஸப்பில் நீளமாக எழுதினால் நீல டிக் விழுகிறது, பதில்தான் வருவதில்லை. வேலை இருக்கும், தெரியும். உன் சம்பளம் உயர்ந்ததைச் சித்தி சொல்லித்தான் தெரிந்துகொண்டோம். தெருக்கோடி வரை சொல்லிவிட்டு வந்தேன். எங்களிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

வேளைக்குச் சாப்பிடு.

நம் தங்கமீன் கொண்டைக்காரி நேற்று தொட்டிக்குத் திரும்பிவிட்டாள். அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

தப்பு என்னுடையது. மார்கழிக் கடைசியில் கொளத்தூர் மீன் கடைக்குப் போனவன், கறுப்பு மூர் தங்கமீன் ஒன்று அழகாக இருக்கிறதே என்று வாங்கி வந்து அப்படியே தொட்டியில் விட்டேன். புது மீனை இரண்டு வாரமாவது தனியே வைக்க வேண்டும் என்று உனக்குச் சொல்லிக்கொடுத்தவனே நான்தான். குளிர் வேறு. ஒரு வாரத்தில் கொண்டைக்காரி வாலில் ரவை தூவியது போல வெள்ளைப் புள்ளி. கல்லில் உடம்பைத் தேய்த்துக்கொண்டே இருந்தாள்.

பிளாஸ்டிக் டப்பில் பிரித்து வைத்தேன். அம்மா பித்தளை அண்டாவை எடுத்து வந்தாள். அதில் செம்பு இருக்கிறது, மீனுக்கு ஆகாது என்றேன். இன்னும் கோபம். 20 லிட்டருக்கு 40 கிராம் கல்லுப்பு, ஹீட்டர் 28 டிகிரியில். ஐந்தாம் நாள் ஒரு புள்ளிகூட இல்லை, நன்றாகத் தின்றாள். சரி, தேறிவிட்டாள் என்று அன்றைக்கே தொட்டியில் விட்டேன். பத்தே நாளில் நாலு மீனுக்கும் புள்ளி.

கடைக்காரர் திட்டினார். புள்ளி மறைந்தால் நோய் போய்விட்டது என்று அர்த்தமில்லையாம். தின்று பெருத்த பூச்சி மீனை விட்டு உதிர்ந்து அடியில் கூடு கட்டிக்கொள்கிறது. அதிலிருந்து நூற்றுக்கணக்கில் குஞ்சு கிளம்பி மறுபடி மீனைத் தேடுகிறது. அந்த நீந்துகிற குஞ்சைத்தான் மருந்து கொல்லும், மீன் மேல் ஒட்டியிருப்பதை ஒன்றும் செய்யாது.

போன ஆடியில் நீ வந்தாயே. ஆடிக்கு வந்திருக்கிறாள் என்று தெருவுக்குச் சொன்னேன். கல்யாணமாகி ஆறு வருஷம் ஆனவளுக்கு என்ன ஆடி. நான்காம் நாள் காபி குடிக்கும்போது ஏதோ சொல்லிச் சிரித்தாய். அன்று சாயங்காலமே பூனாவுக்கு டிக்கெட் போட்டேன். நீ சரியாகிவிட்டாய் என்று நினைத்ததாக அம்மாவிடம் சொன்னேன். அப்படி நினைக்கவில்லை. பொண்ணு எப்போது வந்தாள், எப்போது கிளம்புகிறாள் என்று எதிர்வீட்டுக்காரர் இரண்டாம் தரம் கேட்டார். அதற்காகத்தான் போட்டேன். ரயில் கிளம்பும்போது நீ கையாட்டவில்லை.

இந்தத் தடவை அவசரப்படவில்லை. பெரிய தொட்டியிலும் உப்பு, ஹீட்டர். செடியெல்லாம் அழுகிவிட்டது, போகட்டும். அவளுக்குச் செதில் உரிந்திருந்ததால் மறுபடி டப்பிலேயே வைத்துக்கொண்டேன், கடைசிப் புள்ளி மறைந்த பிறகும் இரண்டு வாரம். நேற்று கவரில் போட்டுத் தொட்டியில் மிதக்கவிட்டு, அரை டம்ளர் அரை டம்ளராகத் தொட்டித் தண்ணீர் சேர்த்தேன். அரைமணி ஆனது. பிறகு உள்ளங்கையில் அவளை மட்டும் அள்ளி விட்டுவிட்டு, கவர்த் தண்ணீரைச் சாக்கடையில் ஊற்றினேன். விளக்கையும் அணைத்துவிட்டேன்.

முதலில் ஃபில்டர் மூலையில் முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றாள். மற்றவை வந்து பக்கத்தில் நின்றன. இன்று காலை வேகவைத்த பட்டாணி போட்டேன், வந்து தின்றாள்.

வேளைக்குச் சாப்பிடு பாப்பா. மாப்பிள்ளை ஊரில்தான் இருக்கிறாரா?

மாடியில் கிடந்த உன் கட்டிலை இறக்கித் துடைத்து முன் அறையில் போட்டிருக்கிறேன். யாருக்கு என்று எதிர்வீட்டுக்காரர் கேட்டார். பாப்பாவுக்கு என்றேன்.

அப்பா