செட் ஆகல

மேற்கு மாம்பலம்,
ஞாயிறு மாலை

அன்புள்ள மல்லிகா,

பொங்கலுக்குப் பிறகு உனக்கு ஒரு வரிகூட எழுதவில்லை. நீ போனில் கூப்பிட்ட இரண்டு தடவையும் "அப்புறம் பேசுறேன்டி" என்று வைத்துவிட்டேன். கோபமாகத்தான் இருப்பாய். அண்ணனுக்கு முழங்கால் எப்படி இருக்கிறது? படி ஏறுகிறாரா? ராஜம் டீச்சர் பேத்தி காதுகுத்துக்கு எனக்கும் சேர்த்து மொய் எழுதியிருந்தால் எவ்வளவு என்று சொல், அனுப்பிவிடுகிறேன்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். கயலுக்குப் பார்த்திருந்த இடம் நின்றுவிட்டது. பாக்கு வெற்றிலை மாற்றுவதற்கு முன் மூன்று மாதம் இரண்டு பேரும் பேசிப் பார்க்கட்டும் என்று விட்டிருந்தோம் அல்லவா? போன மாதம் ஒரு வெள்ளிக்கிழமை ராத்திரி நான் பாலுக்கு உறை ஊற்றிக்கொண்டிருந்தேன். அவள் வந்து ஃபிரிட்ஜில் சாய்ந்து நின்று, "அம்மா, செட் ஆகலம்மா" என்றாள். அவ்வளவுதான். ரூமுக்குப் போய் லைட்டை அணைத்துவிட்டாள்.

எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. என்ன செட் ஆகவில்லை? அவன் பேச்சா, குணமா, வீட்டு மனுஷர்களா, ஊரா? பெங்களூர் வேலையை விட்டபோதும் இதே சொல்தான் சொன்னாள். ஆன்லைனில் வாங்கின செருப்பைத் திருப்பி அனுப்பினபோதும் இதே சொல். செருப்புக்கும் வரனுக்கும் ஒரே காரணம் என்றால் பெற்றவளுக்கு எப்படி இருக்கும், சொல்லு.

அதுவும் எந்தச் சொல்லை வைத்துச் சொன்னாள் பார். கணம் பாடத்தை எத்தனை வருஷம் நடத்தியிருப்பேன்! "நன்கு வரையறுக்கப்பட்ட பொருள்களின் தொகுப்பு கணம்" என்று போர்டில் எழுதி, "நன்கு வரையறுக்கப்பட்ட" என்பதற்குக் கீழே இரண்டு கோடு போடுவேன். இங்கிலீஷ் மீடியத்தில் அதற்குப் பேர் செட். இந்த வகுப்பில் கண்ணாடி போட்டவர்கள் என்றால் அது கணம். ஒவ்வொரு முகமாகப் பார்த்து உண்டு, இல்லை என்று சொல்லிவிடலாம். இந்த வகுப்பில் நல்ல பிள்ளைகள் என்றால் ஆகாது, ஏனென்றால் உனக்கு நல்ல பிள்ளை, எனக்கு வாலு. கணக்கில் இவ்வளவு கறாரான ஒரு சொல்லை எடுத்து, வரையறையே இல்லாத ஒரு பதிலுக்கு என் மகள் வைத்துவிட்டாள். அன்றைக்கு ராத்திரி எனக்கு அதுதான் பொறுக்கவில்லை.

தூக்கம் வராமல் இந்தச் சொல்லையே தேட ஆரம்பித்தேன். நீ இங்கிலீஷ் டீச்சர், உனக்குத் தெரிந்தே இருக்கும். ஆக்ஸ்ஃபோர்டு பேரகராதியின் இரண்டாம் பதிப்பு 1989இல் 20 தொகுதிகளாக வந்ததே, அதில் எல்லாவற்றையும்விட நீளமான பதிவு இந்த 'செட்' என்ற வினைச்சொல்லுக்குத்தானாம். 430 பொருள், ஏறக்குறைய 60,000 வார்த்தை. மூன்றே எழுத்துக்கு ஒரு நாவல் அளவு விளக்கம்! அப்புறம் திருத்திக்கொண்டு வரும்போது 'ரன்' 645 பொருளோடு முந்திவிட்டதாம். நம்ம தமிழ் ஐயா ஸ்டாஃப் ரூமில் தொல்காப்பியத்தைச் சொல்லி உன்னிடம் மல்லுக்கு நிற்பாரே, 'கடி' என்ற உரிச்சொல்லுக்குப் பத்துப் பொருள் என்று! கூர்மை, காப்பு, புதுமை, விரைவு, அச்சம் என்று விரல் விட்டு எண்ணுவார். அவர் இருந்திருந்தால் இந்த 430ஐச் சொல்லி ஒரு மத்தியானம் அவரை உட்கார வைத்திருக்கலாம்.

மல்லி, எனக்கு ரொம்பப் பிடித்துப்போனது என்ன தெரியுமா? அவர்கள் செட் என்கிற ஒவ்வொரு இடத்திலும் நமக்குத் தனித்தனியாக ஒரு சொல் இருக்கிறது. பால் உறைகிறது. சிமெண்ட் இறுகுகிறது. எலும்பு கூடுகிறது. சூரியன் சாய்கிறது. அலாரம் வைக்கிறோம். நகையில் கல் பதிக்கிறோம். கொஸ்டின் பேப்பரை மட்டும் நாமும் செட்தான் பண்ணினோம், "எடுத்தாச்சா" என்று ஹெச்.எம். ஒருத்தர்தான் கேட்பார். இது போதாது என்று அந்தச் சொல்லை வாங்கிவந்து நாம் வேறு வளர்த்திருக்கிறோம். பம்ப் செட், பல் செட், வடபழனியில் ஷூட்டிங்குக்குப் போடுகிற செட், வடகறியோடு வருகிற செட் தோசை, "அந்தப் பசங்களோட செட் சேராதே" என்கிற செட். கல்லூரியில் வேலைக்குப் போக நினைக்கிற பிள்ளைகளுக்கு நெட், செட் பரீட்சை. அந்த செட் முதலெழுத்துகள் சேர்ந்து வந்தது, இந்தக் கணக்கில் வராது.

இன்னொன்று. இது ஒரே சொல்லும் இல்லை. வைப்பது, பொருத்துவது என்கிற செட், 'உட்கார்' என்பதற்கு அவர்கள் வைத்திருக்கும் 'சிட்' என்பதன் பிறவினை. நாம் அமர், அமர்த்து என்கிறோமே, நட, நடத்து என்கிறோமே, அதே உறவு. கூட்டம், தொகுதி என்கிற செட்டோ லத்தீனிலிருந்து பிரெஞ்சு வழியாக வந்தது. பின்தொடர்வது என்பதில் பிறந்த சொல். வேறு வேறு வீட்டில் பிறந்த இரண்டும் இங்கிலீஷில் ஒரே உருவமாகிவிட்டன. 'செட்டில்' என்பதும் உட்காரும் இருக்கையிலிருந்து வந்ததுதான். "பொண்ணு செட்டில் ஆயிட்டாளா?" என்று பார்க்கிறவர்கள் எல்லாம் என்னைக் கேட்கிறார்களே, உன் மகள் உட்கார்ந்துவிட்டாளா என்றுதான் கேட்கிறார்கள். எனக்கு அது சட்டென்று புரிந்தபோது நெஞ்சு கனத்துவிட்டது. தையல்காரர்கூட "தோள்ல சரியா உக்காரலம்மா" என்றுதானே பிரித்துத் தைப்பார்? அப்படியானால் செட் ஆகல என்பது நல்ல தமிழ்தான் என்று தோன்றியது. ஆனால் எங்கே உட்காரவில்லை என்று அவள் சொல்லவில்லையே.

அந்த வாரமே அத்தைக்குப் புதுப் பல் செட் வந்தது. கயல்தான் லீவு போட்டு எங்களைக் கூட்டிக்கொண்டு போனாள். மாட்டின உடனே அத்தை முகத்தைச் சுளித்து, "இது எனக்கு வேணாம், யார் பல்லோ மாதிரி இருக்கு" என்றுவிட்டார். டாக்டர் சின்னப் பெண், நம் கயல் வயசுதான் இருக்கும். பதறவே இல்லை. கார்பன் பேப்பர் மாதிரி ஒரு நீலத் தாளை மேல் பல்லுக்கும் கீழ்ப் பல்லுக்கும் நடுவில் வைத்து, "கடிங்க பாட்டி, இன்னொரு தடவை, லேசா அசைச்சுக் கடிங்க" என்றாள். வெளியே எடுத்துப் பார்த்தால் கடைவாய்ப் பல்லில் இரண்டு இடத்தில் நீலப் புள்ளி அழுத்தமாக இருந்தது. அங்கேதான் முட்டுகிறதாம். அந்தப் புள்ளியை மட்டும் சின்ன மெஷினால் ராவினாள். மறுபடி தாள், மறுபடி கடி, மறுபடி ராவல். நான்கு தடவை. கடைசியில் நீலம் எல்லாப் பல்லிலும் பரவலாகப் படிந்தது. "இப்போ ஓகே. ஈறு பழகுறதுக்குக் கொஞ்ச வாரம் ஆகும். எங்கயாவது வலிச்சா 'வலிக்குது'ன்னு மட்டும் சொல்லாதீங்க, எந்த இடம்னு விரல் வெச்சுக் காட்டுங்க" என்றாள். கயல் அத்தையின் கைப்பையைப் பிடித்துக்கொண்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் சாயங்காலம் மொட்டைமாடியில் துணி எடுக்கும்போது, நான் கேட்காமலே சொன்னாள். "அவர் நல்லவர்தாம்மா. நான் எதாவது சொல்லிச் சிரிச்சா, அதுக்கு என்ன அர்த்தம்னு கேப்பார். நக்கல் இல்ல, நெஜமாவே புரியாம கேப்பார். நானும் விளக்கிச் சொல்வேன். இப்போல்லாம் ஒவ்வொண்ணையும் மனசுக்குள்ள ஒருதடவை சொல்லிப் பாத்துட்டுதான் பேசுறேன். போனை வெச்சதும் தோள்பட்டை வலிக்குதும்மா." தலையணை உறையை நாலாக மடித்து, பிரித்து, திரும்ப மடித்தாள். "இதைப் போய் ஒரு காரணம்னு உங்ககிட்ட எப்படிச் சொல்றது?"

நான் அவளைத் திட்டவில்லை மல்லி. நீயும் நானும் நாற்பது வருஷமாகப் பேசுகிறோம், என்றைக்காவது உன்னிடம் பேசிவிட்டு எனக்குத் தோள் வலித்திருக்கிறதா? அது காரணம் இல்லை என்று நான் எந்த வாயால் சொல்வேன்?

பையன் வீட்டுக்குப் போன் பண்ணும் வேலை என் தலையில் விழுந்தது. இவர் வழக்கம்போல வாக்கிங் போய்விட்டார். என்ன சொல்வது, எப்படிச் சொல்வது என்று பேப்பரில் நான்கு வரி எழுதியே வைத்திருந்தேன். அந்த அம்மா எடுத்து, "சொல்லுங்க சம்பந்தி" என்றார். அந்தச் சம்பந்தியைக் கேட்டதும் எழுதினது எல்லாம் மறந்துவிட்டது. அந்தப் பிள்ளைக்குச் சிரிப்பு புரியவில்லை என்று பெற்ற தாயிடம் சொல்ல முடியுமா? என் மகள்மேல் பழியைப் போட்டுக்கொள்ளவும் மனசில்லை. "ஒண்ணுமில்லீங்க... பிள்ளைங்களுக்கு செட் ஆகல" என்றுதான் வாயில் வந்தது.

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு அந்த அம்மா, "ஆமாங்க, எங்க தம்பியும் ரெண்டு வாரமா அதேதான் சொல்றான். நாங்கதான் உங்ககிட்ட எப்படிச் சொல்றதுன்னு..." என்றார். பிறகு இரண்டு பேரும் மூட்டுவலி பற்றிப் பேசிவிட்டு வைத்தோம்.

நம் காலத்தில் ஜாதகத்தின் தலையில் போடுவார்கள், ஞாபகம் இருக்கிறதா? எங்கள் பெரியக்காவுக்கு வந்த முதல் இடம் "நட்சத்திரம் சேரல" என்று நின்றது. நட்சத்திரத்தில் ஒன்றும் இல்லை என்று வீட்டில் எல்லோருக்கும் தெரியும். அக்காவிடம்தான் யாரும் எதுவும் கேட்கவில்லை.

கயல் நேற்றிலிருந்து நன்றாகச் சாப்பிடுகிறாள். அத்தையும்தான். இன்று காலை சைதாப்பேட்டையிலிருந்து வடகறி வாங்கிவந்து வீட்டில் செட் தோசை வார்த்தேன், அத்தை பல் செட்டோடு ஒன்றரை தோசை சாப்பிட்டார். இடதுபக்கம் இன்னும் ஓர் இடம் முட்டுகிறதாம். கன்னத்தின்மேல் விரல் வைத்துக் காட்டுகிறார். வியாழக்கிழமை மறுபடி போகிறோம்.

அண்ணனை அடுத்த மாதம் செக்கப்புக்குக் கூட்டி வருவாய் அல்லவா, இங்கேயே தங்கு. உன் பழைய தடித்த டிக்‌ஷனரியையும் எடுத்து வா. கயலுக்கு 'ரன்' பார்க்க வேண்டுமாம்.

உன்
வசந்தா