மிளகு இங்கேதான் இருப்பான்

சுங்கை சிப்புட், பேராக், மலேசியா
ஞாயிறு மாலை

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது.

நானும் அம்மாவும் நலம். உன் சுகத்துக்கு எழுது. போன வாரம் போனில் மூன்றாவது தடவையாக அதே கேள்வியைக் கேட்டாய். "இந்த வயசுல எதுக்குப்பா குட்டி நாய்? யாருக்காவது குடுத்துடுங்களேன்." நான் வாயெடுப்பதற்குள் லைன் அறுந்துவிட்டது. திரும்பக் கூப்பிடவில்லை. போனில் சொல்லி முடிகிற விஷயம் இல்லை இது. நீ தமிழ்ப்பள்ளியில் படித்த பிள்ளை, அப்பா கையெழுத்தைச் சிரமப்படாமல் படித்துவிடுவாய்.

மிளகைக் கொடுக்க மாட்டேன், பாப்பா. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

உன் பயம் எனக்குப் புரிகிறது. 2017-இல் சரவாக்கில் வெறிநாய்க்கடி நோய் பரவியது, உயிர்கள் போயின. அந்த மண்ணில் நீ பாடம் நடத்துகிறாய். நாய் கடித்தாலும் கீறினாலும் சோப்புப் போட்டு, ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு உடனே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும் என்று உன் வகுப்புப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பதாகச் சொன்னாயே, அன்றைக்கே அம்மாவும் நானும் அதை மனதில் வாங்கிக்கொண்டோம். இந்தப் பக்கமும் ஒன்றும் இல்லை என்று சொல்லிவிட முடியாது. 2015-இல் பெர்லிஸ், கெடா, பினாங்கு மூன்றிலும் அது தலைகாட்டியது. அதனால் மிளகுக்கு அந்த ஊசியையும் கேட்டுப் போட்டுவிட்டேன். ஊசி அட்டை சாமி மேடைக்குக் கீழே, உன் பிறப்புப் பத்திரம் இருக்கிற அதே டப்பாவில் இருக்கிறது. ஊராட்சி மன்றத்தில் நாய் உரிமமும் எடுத்தாகிவிட்டது. வில்லை அவன் கழுத்துப்பட்டையில் தொங்குகிறது.

அவன் கிடைத்த கதையை அம்மா உனக்குப் பாதிதான் சொல்லியிருப்பாள். நவம்பர் மழை. பழைய தோட்டத்து நண்பர் ஒருவரைப் பார்த்துவிட்டு மோட்டாரில் திரும்பிக்கொண்டிருந்தேன். எண்ணெய் எடுக்கிற செம்பனைக் காட்டில், வெட்டிய மட்டைகளை வரிசைக்கு நடுவில் அடுக்கிவைப்பார்களே, அந்த அடுக்குக்கு உள்ளே இருந்து ஒரு முனகல். தாய் ரோட்டோரமாகச் செத்துக் கிடந்தது. மூன்று குட்டிகளில் ஒன்றுக்குத்தான் உயிர் இருந்தது. மழைச்சட்டைக்குள் போட்டுக்கொண்டு வந்தேன். உடம்பு முழுக்கக் கறுப்பு, உள்ளங்கை அளவு. "மிளகு மாதிரி இருக்கான்," என்றாள் அம்மா. அதுவே பேராகிவிட்டது.

காரம் இப்போதுதான் தெரிகிறது. ஐந்தரை மாதம் ஆகிறது அவனுக்கு. பால்பற்கள் 28-உம் விழுந்து 42 பல் முளைக்கிற பருவம். வீட்டில் அவன் பல் படாத பொருள் இல்லை. என் ரப்பர் செருப்பு, துடைப்பம், கதவு நிலையின் மூலை, அம்மாவின் கைலி ஓரம். சாயங்காலம் ஆறரை ஆனால் ஏதோ ஏறிக்கொண்டது மாதிரி கூடத்துக்கும் கொல்லைக்குமாக வட்டம் போட்டு ஓடுவான். காதைப் பின்னால் மடித்துக்கொண்டு, பின்கால் வழுக்க, திரும்பத் திரும்ப. பிடிக்கப் போனால் கையைக் கவ்வுவான். இவனுக்கு ஓட்டம் போதவில்லை என்று நினைத்து, முதல் இரண்டு மாதமும் இன்னும் இன்னும் விளையாட்டுக் காட்டினேன். கடி கூடிக்கொண்டே போனது. என் முழங்கை வரைக்கும் கீறல்.

ஈப்போவில் மிளகைப் பார்க்கிற டாக்டர் உன் வயதுப் பெண்தான். என் கையைப் பார்த்துவிட்டு, "அங்கிள், இவன் பகல்ல எவ்வளவு நேரம் தூங்குறான்?" என்று கேட்டது. எண்ணிப் பார்த்தால் பகலில் இரண்டு மணி நேரம்கூட இல்லை. இந்த வயதுக் குட்டி ஒரு நாளின் பெரும்பகுதி தூங்க வேண்டுமாம். தூக்கம் கெட்ட கைக்குழந்தை வீறிடுகிற மாதிரிதான் இவன் கடிப்பது. இப்போது காலை நடை, சாப்பாடு, அதன் பிறகு கூண்டில் பழைய போர்வை, மேலே ஒரு துணி மூடி. பத்து நிமிடம் முனகிவிட்டுத் தூங்கிப்போகிறான். எழுந்ததும் ஈரத் துண்டை முறுக்கி ஐஸ்பெட்டியில் உறையவைத்துக் கொடுக்கிறேன், ஈறு வலிக்கு அதைக் கடித்துக்கொண்டு கிடப்பான். இன்னொன்றும் டாக்டர் சொன்னது, காலுக்கு வேலை கொடுப்பதைவிட மூக்குக்கு வேலை கொடுத்தால் சீக்கிரம் களைப்பானாம். காலைச் சாப்பாட்டைத் தட்டில் வைப்பதில்லை. கொல்லைப் புல்லில் தூவிவிடுகிறேன். ஒவ்வொரு மணியாக மோந்து எடுத்து முடிக்க அரை மணி நேரம் ஆகிறது. அந்த நேரம் நான் என் கோப்பியைக் குடித்து முடிக்கிறேன்.

உடம்பு முடிகிறதா என்று கேட்டாய். 26 வருடம் லாரிப் படி ஏறி இறங்கிய முழங்கால் இது, வலிக்கத்தான் செய்கிறது. ஒன்று சொல்லட்டுமா? முதல் மாதம் ராத்திரி இரண்டு மணிக்கு ஒருதரம், நாலரைக்கு ஒருதரம் எழுந்து அவனை வெளியே கொண்டுபோனேன். குட்டிக்கு மாதத்துக்கு ஒரு மணி நேரம் என்று கணக்கு, அதற்கு மேல் அடக்க முடியாது. தூறலில் குடையைப் பிடித்துக்கொண்டு, இவன் இடம் தேடி மோந்து மோந்து சுற்றுகிற வரைக்கும் நிற்பேன். அப்படி நின்ற ஒரு ராத்திரிதான் நினைத்துப் பார்த்தேன், உனக்காகவோ தம்பிக்காகவோ நான் ஒருநாளும் இரண்டு மணிக்கு எழுந்ததில்லை. நீ அழுவாய், அம்மா எழுந்திருப்பாள், நான் புரண்டு படுத்துக்கொள்வேன். விடியுமுன் பிரட்டுக்கு, அதுதான் தோட்டத்தில் பேர் கூப்பிடுகிற வரிசைக்கு, நிற்க வேண்டும், அசந்தால் லாரி டிரிப் போய்விடும். உண்மைதான் அது. ஆனாலும் நீ கையகலம் இருந்தபோது எப்படித் தூங்கினாய் என்று எனக்குத் தெரியாமலே போய்விட்டது.

இனி எழுதப் போவதுதான் இந்தக் கடிதத்துக்கே காரணம்.

மணியை ஞாபகம் இருக்கிறதா? தோட்டத்து லயத்து வீட்டில் இருந்தபோது, உனக்கு ஏழு வயது. நம் நாய். செம்பட்டை நிறம், ஒரு காது மட்டும் மடிந்திருக்கும். மணி பால்மரக் காட்டுப் பக்கம் ஓடிவிட்டான், வந்துவிடுவான் என்று நான் சொன்னேன். அவன் ஓடவில்லை, பாப்பா.

அவனுக்குக் கண்ணில் பீளை கட்டியது. மூக்கில் சளி ஒழுகியது. சோற்றை மோந்து பார்த்துவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொண்டான். சில நாளில் ஒரு பின்கால் தானாக வெட்டி வெட்டி இழுத்தது, தூங்கும்போதுகூட நிற்கவில்லை. ஈப்போவுக்குக் கொண்டுபோனால் மருந்து கிடைக்கும் என்று தோட்டத்து ஆபீஸ் கிராணி சொன்னார். அது குலை அறுப்பு உச்சத்தில் இருந்த நேரம், டிரிப்புக்கு டிரிப் காசு. ஞாயிற்றுக்கிழமை போகலாம் என்று தள்ளிப்போட்டேன். வெள்ளிக்கிழமை விடியற்காலை, நீங்கள் எழுந்திருக்கும் முன்னால், கோழிக் கூண்டுக்குப் பின்னால் விறைத்துக் கிடந்தான். சாக்கில் சுற்றி எடுத்துப்போய்ப் புதைத்துவிட்டு வேலைக்குப் போனேன்.

நீ தினமும் சாயங்காலம் அலுமினியத் தட்டில் சோறு வைத்தாய். மணி ராத்திரி வந்து தின்னுவான் என்று. மறுநாள் காலை தட்டு காலியாக இருந்ததே, அது நான் கொட்டியது. மூன்று வாரம் கொட்டினேன். "மணி வந்துட்டுப் போயிருக்கான்பா" என்று நீ தட்டைத் தூக்கிக் காட்டியபோதெல்லாம் தலையாட்டினேன். 21 வருடமாக இதை யாரிடமும் சொன்னதில்லை. அம்மாவுக்கே மிளகு வந்த பிறகுதான் சொன்னேன்.

அந்த நோய்க்கு டிஸ்டெம்பர் என்று பேர். மிளகுக்கு முதல் ஊசி போட்ட அன்று டாக்டர் விளக்கியபோதுதான் மணிக்கு வந்தது இன்னதென்று தெரிந்தது. கால் வெட்டி இழுத்ததைச் சொன்னேன். அதேதான் என்றது. அந்தக் கட்டத்துக்குப் போன பிறகு கொண்டுவந்திருந்தாலும் பிழைப்பது கஷ்டம், குட்டியிலேயே ஊசி போட்டிருந்தால் வந்திருக்காது என்றும் சொன்னது. எட்டு வாரத்தில் தொடங்கி, மூன்று நான்கு வார இடைவெளியில், நாலு மாதம் ஆகும் வரைக்கும். ஒரு ஊசி போட ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. நான் அந்த நாற்காலியிலேயே கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன்.

அதனால் இவன் விஷயத்தில் எதையும் ஞாயிற்றுக்கிழமைக்குத் தள்ளுவதில்லை. போன மாதம் ஒரு ராத்திரி கொல்லையில் தேரையைக் கவ்விவிட்டான். உள்ளே வந்தவன் வாயில் வெள்ளை வெள்ளையாக நுரை. தலையை ஆட்டி ஆட்டிச் சுவரெல்லாம் எச்சில். அம்மா அலறிவிட்டாள். நான் டாக்டருக்குப் போன் போட்டேன். தலையைக் கீழே சாய்த்துப் பிடியுங்கள், தண்ணீரைத் தொண்டைக்குள் விடாமல் வாயின் பக்கவாட்டில் ஓடவிடுங்கள், ஈறை ஈரத் துணியால் துடையுங்கள் என்று சொன்னது. பைப்படியில் உட்கார்ந்து பத்து நிமிடம் கழுவினேன். கை நடுங்கிக்கொண்டே இருந்தது எனக்கு. நுரை அடங்கிய பிறகு என் பாதத்தின் மேல் தலையை வைத்துத் தூங்கினான். விடிகிற வரைக்கும் அவன் மூச்சைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். விடிந்ததும் டாக்டரிடம் கொண்டுபோய்க் காட்டிவிட்டுத்தான் சாப்பிட்டேன்.

பக்கத்து வீட்டு மலாய்க்கார அம்மா, அந்த மாக்சிக்கைப் பற்றி நீ கேட்கவில்லை, இருந்தாலும் எழுதுகிறேன். முஸ்லிம் என்பதால் அவர்களுக்கு நாயின் எச்சில் பட்டால் ஏழு தடவை கழுவ வேண்டும், அதில் ஒரு தடவை மண் கலந்த தண்ணீரில். ஜனவரியில் ஒருநாள் கேட் திறந்திருந்தபோது இவன் ஓடிப்போய் அவர்கள் செருப்பை நக்கிவிட்டான். எனக்கு முகத்தில் ஈயாடவில்லை. அன்று சாயங்காலமே போய் மன்னிப்புக் கேட்டேன். "சின்னக் குட்டிதானே, அதுக்கு என்ன தெரியும்" என்று மலாயில் சொன்னார்கள், செருப்பைக் கழுவிவிட்டதாகவும் சொன்னார்கள். மறுநாளே கேட்டின் அடிப்பக்கம் கம்பிவலை அடித்தேன். வெளியே போனால் எப்போதும் வாரில்தான். இப்போது அவர்களே வேலிக்கு அந்தப் பக்கம் நின்று, "கறுப்பு இன்னிக்கு என்ன செஞ்சது?" என்று கேட்கிறார்கள்.

நடைக்குச் செம்பனைக் காட்டு ஓரம்தான் போகிறோம், வெயில் ஏறுவதற்கு முன்னால். அங்கேயும் அவிழ்த்துவிடுவதில்லை. எலிக்கு வைக்கிற மருந்து மெழுகுக் கட்டியாகக் கிடக்கும், இவனுக்கு எல்லாமே தின்பண்டம். எலி இருக்கிற இடத்துக்கு நல்ல பாம்பும் வரும். கம்பத்தின் மேல் ஆந்தைக்குப் பெட்டி வைத்திருக்கிறார்களே, எலி பிடிக்க. அதைக் கண்டால் மட்டும் இவன் அப்படியே நின்று, தலையைச் சாய்த்து அண்ணாந்து பார்ப்பான். நானும் நிற்பேன். இத்தனை வருடம் அந்தப் பெட்டிகளுக்குக் கீழேதான் லாரி ஓட்டினேன். ஆந்தை எட்டிப் பார்ப்பதை இவனோடு நின்றுதான் முதல்முதலாகப் பார்த்தேன்.

எனக்கு 56. இவன் 13 வருடம் இருந்தால் அப்போது 69. அந்தக் கணக்கையும் போட்டுப் பார்த்துவிட்டுத்தான் வைத்திருக்கிறேன். மைலோ டின்னில் மாதம் 50 வெள்ளி இவனுக்கென்று போடுகிறேன், அம்மாவுக்கும் இடம் தெரியும். எனக்கு ஏதாவது ஆனால் தான் கொண்டுபோய் வைத்துக்கொள்வதாக ஈப்போவில் இருக்கிற உன் தம்பி ஒத்துக்கொண்டிருக்கிறான். உன் தலையில் எதையும் கட்டவில்லை. கொடுத்துவிடுங்கள் என்று மட்டும் இனிமேல் சொல்லாதே, பாப்பா. மணி விஷயத்தில் உனக்குக் கோபம் வந்தால் அதை என்னிடமே சொல். போனில் திட்டினாலும் சரி.

பள்ளி விடுமுறைக்கு வரும்போது ஒன்று மறக்காதே. கேட்டைத் திறந்ததும் இவன் மேலே பாய்வான். கத்தாதே, கையால் தள்ளாதே, கண்ணையும் பார்க்காதே. முதுகைத் திருப்பிக்கொண்டு சும்மா நில். இரண்டு தடவை சுற்றிவருவான், குரைப்பான். நாலு காலும் தரையில் பட்ட பிறகு திரும்பிக் குனிந்து நெஞ்சுப் பக்கம் தடவு. தலைக்கு மேல் கை கொண்டுபோனால் பயப்படுவான். நல்ல செருப்பை வாசலில் விடாதே, அலமாரி மேல் தட்டில் உனக்கு இடம் ஒதுக்கிவைத்திருக்கிறேன். அம்மா பாயாசம் வைப்பாள், அதில் உலர்திராட்சை இருந்தால் இவனுக்கு ஒன்றுகூடப் போடக் கூடாது, நாய்க்கு அது விஷம்.

என்றைக்கு வருகிறாய் என்று முன்கூட்டியே சொல். பஸ் ஸ்டாண்டுக்கு வந்து நிற்கிறேன்.

அப்பா