நாலு மாசம் வீணாப் போச்சுன்னு சொன்ன தம்பிக்கு

அன்புள்ள தம்பிக்கு,

உடம்பு முடியாமல் படுத்துக் கிடந்ததைப் பற்றி நேற்று போனில் "நாலு மாசம் வீணாப் போச்சுக்கா" என்றாயே, அதற்கு அப்போது எனக்குப் பதில் வரவில்லை. படுத்த பிறகும் அந்த 'வீணா' மட்டும் காதிலேயே நின்றது. ராத்திரி முழுக்க மர்மோட்டைப் பற்றித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். உனக்குத்தான் தெரியுமே, எனக்கு அந்தப் பிராணி மேல் எவ்வளவு பிரியம் என்று. அதனால் இந்தக் கடிதத்தில் முக்கால்வாசி அதன் கதைதான், பொறுமையாகப் படி.

மர்மோட் அணில் குடும்பம்தான், ஆனால் மரத்தில் தாவி ஓடுகிற ரகம் இல்லை. கொழுத்த பூனை அளவு இருக்கும், குட்டைக் கால், ஆல்ப்ஸ், இமயமலை, ராக்கி மலை மாதிரி உயரமான இடங்களில் வளை தோண்டிக் குடியிருக்கும். அமெரிக்காவில் கொலராடோ மாநிலத்தில் கோதிக் என்ற இடத்தில் ஒரு ஆய்வு நிலையம் இருக்கிறது. கென்னத் ஆர்மிட்டேஜ் என்ற விஞ்ஞானி 1962-ல் அங்கே மஞ்சள் வயிற்று மர்மோட்டுகளைக் கவனிக்கத் தொடங்கினார், அவருக்குப் பின்னாலும் அந்த வேலை நிற்கவில்லை, ஒவ்வொன்றுக்கும் அடையாளம் வைத்துத் தலைமுறை தலைமுறையாகப் பார்த்துக்கொண்டே வருகிறார்கள். அங்கே ஒரு மர்மோட் வருஷத்தில் ஏழெட்டு மாதம் பூமிக்கு அடியில் தூங்குகிறது. நீ நாலு மாதத்துக்கே இப்படி அழுகிறாய்.

அது எப்படித் தூங்குகிறது என்று கேள். குளிர் வருவதற்கு முன் காய்ந்த புல்லை வாய் நிறையக் கவ்விக்கொண்டு போய் உள்ளே மெத்தை போடும். அந்தப் புல் தின்பதற்கு இல்லை, படுப்பதற்கு. சாப்பாடு எல்லாம் கோடையில் தின்று தின்று உடம்பிலேயே கொழுப்பாக ஏற்றியதுதான். அப்புறம் மண்ணும் கல்லும் வைத்து வளை வாசலை உள்ளிருந்தே அடைத்துவிடும். உடம்புச் சூடு 5 டிகிரி செல்சியஸ் அளவுக்கு இறங்கிவிடும், மூச்சு நிமிடத்துக்கு ஒன்றிரண்டு, இதயம் அடிக்கிறதா என்று காத்திருந்துதான் பார்க்க வேண்டும். குடல்கூடச் சுருங்கிப் போகும்.

வெளியிலிருந்து பார்த்தால் செத்த மாதிரிதான். ஆனால் அந்தக் கோதிக் மர்மோட்டுகளின் ரத்தத்தைப் பல கோடைகாலங்களில் எடுத்துப் பார்த்து 2022-ல் ஒரு ஆய்வு வந்தது: வளர்ந்த மர்மோட்டுக்கு அந்தத் தூக்க மாதங்களில் முதுமை கிட்டத்தட்ட நின்றே போகிறது. இதைத்தான் நேற்று உன்னிடம் சொல்லியிருக்க வேண்டும். நீ வீணாப் போச்சு என்கிற மாதிரியான மாதங்கள்தான் அதற்கு ஆயுளைக் கூட்டிக் கொடுக்கின்றன போலிருக்கிறது.

வெளியே வந்ததும் அது ஓடியாடும் என்று நினைக்காதே. பல சமயம் வாசலைத் திறந்தால் இன்னும் பனி கிடக்கும், புல் முளைத்திருக்காது. மிச்சமிருக்கிற கொழுப்பில்தான் அந்த நாட்களை ஓட்ட வேண்டும், அதனால் வெயிலில் பாறை மேல் சும்மா படுத்துக் கிடக்கும். டாக்டர் எழுந்து நடக்கலாம் என்று சொன்ன மூன்றாம் நாளே லேப்டாப்பை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாயே, கை நடுங்கி டீ முழுக்கப் போர்வையில் கொட்டியதே, அன்றைக்கு எனக்கு எவ்வளவு பயமாக இருந்தது தெரியுமா?

இன்னொன்று. ஆபத்தைப் பார்த்தால் மர்மோட் விசில் அடிக்கும். அதிகமாக அடிப்பது புதிதாகக் குட்டி போட்ட தாய்கள்தானாம். போன வருஷம் முழுக்க நான் உன்னிடம் அடித்ததும் அந்த விசில்தான், கண் உள்ளே போயிருக்கு, சாப்பிடு, தூங்கு என்று. நச்சரிப்பு என்று நினைத்திருப்பாய். சரி, நினைத்துக்கொள், இனிமேலும் நான் நிறுத்தப்போவதில்லை.

சொந்தக்காரர்கள் யாரும் பார்க்க வர வேண்டாம் என்று நீ சொன்னதில் எனக்கு வருத்தமே இல்லை. கோதிக்கில் எல்லோரோடும் ஒட்டிப் பழகுகிற பெண் மர்மோட்டுகள் ஒதுங்கி இருப்பவற்றைவிடச் சீக்கிரம் சாகின்றன என்று 2018-ல் ஒரு ஆய்வில் தெரிந்தது. ஆனால் ஆல்ப்ஸ் மர்மோட்டுகளின் கதை வேறு. அங்கே குடும்பம் முழுவதும் ஒரே குழியில் ஒட்டிப் படுக்கும், குட்டிகள் கூட இருந்தால் பெரியவை தங்கள் கொழுப்பைக் கூடுதலாகச் செலவழித்து அவற்றுக்குச் சூடு கொடுக்கும். துணை எவ்வளவு வேண்டும் என்பது இனத்துக்கு இனம் மாறும்போது ஆளுக்கு ஆள் மாறாதா? யாரையும் அங்கே அனுப்ப மாட்டேன், கவலைப்படாதே.

நான் மட்டும் ஞாயிற்றுக்கிழமை வருகிறேன். பேச வேண்டாம், நீ தூங்கு, நான் பக்கத்து அறையில் இருப்பேன். கதவைத் திறக்க எழுந்து வராதே, சாவி என்னிடம் இருக்கிறது.

அன்புடன்,
அக்கா