பரணில் ஏறிய ஹார்மோனியம்

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் போன வாரம் கிடைத்தது. முழங்கால் வலி குறைந்திருக்கிறது என்று படித்ததும் நிம்மதி. பேத்தி அதற்குள் பள்ளிக்கூடம் போகிறாளா! எல்லாம் சரி, கடைசிப் பக்கத்தில் ஹார்மோனியத்தைப் பரணில் ஏற்றிவிட்டதாக ஒரு வரி எழுதியிருந்தாயே, அதுதான் மனசை விட்டுப் போகமாட்டேன் என்கிறது.

ஓய்வு பெற்றதும் நான் பியானோ கற்க ஆரம்பித்தது உனக்குத் தெரியும். இப்போது வாத்தியார் ஷூபர்ட்டின் நடனங்களைக் கொடுத்திருக்கிறார். ஃபிரான்ஸ் ஷூபர்ட் ஆஸ்திரியாவின் வியன்னா நகரத்து இசையமைப்பாளர். 1797இல் பிறந்து 1828இல், 31 வயதிலேயே போய்விட்டார். அவருடைய பாடல்களைப் பற்றித்தான் எல்லோரும் பேசுவார்கள். ஆனால் வால்ட்ஸ், லெண்ட்லர், ஜெர்மன் நடனம் என்று மூன்று தட்டுத் தாளத்தில் ஆடுவதற்கான இசையைப் பியானோவுக்கு நூற்றுக்கணக்கில் குட்டிக் குட்டியாக எழுதி வைத்திருக்கிறார். பெரும்பாலும் எட்டு பார் (தாளத்தின் ஒரு சுற்று ஒரு பார்), அப்புறம் இன்னொரு எட்டு பார், அவ்வளவுதான். ஒவ்வொரு பாதியையும் இரண்டு தடவை வாசித்தாலும் ஒரு நிமிஷத்துக்குள் முடிந்துவிடும்.

தாளம் உனக்குப் பழகியதுதான்: தகிட, தகிட. இடது கை 'த'வுக்குக் கீழே ஒரு கனத்த சுரத்தை ஊன்றிவிட்டு, 'கிட'வுக்கு மேலே போய் இரண்டு முறை மெல்லத் தொட வேண்டும். மூன்றையும் ஒரே கனத்தில் வாசித்தால் உரலில் இடிக்கிற மாதிரி ஆகிவிடுகிறது. முதல் தட்டில் கால் தரையில் பட வேண்டும், மற்ற இரண்டில் உடம்பு மிதக்க வேண்டும். இது பிடிபடவே எனக்கு ஒரு மாதம் ஆயிற்று.

இவையெல்லாம் மேடைக்கு எழுதியவை அல்ல. வியன்னாவில் நண்பர்கள் வீட்டில் கூடுவார்கள். பாட்டு, கவிதை, சாப்பாடு முடிந்ததும் நாற்காலிகளை ஒதுக்கிவிட்டு ஆட ஆரம்பிப்பார்கள். ஷூபர்ட் ஆடுவதே இல்லை. பியானோ முன்னால் உட்கார்ந்து மணிக்கணக்கில் வாசிப்பார். அந்த நேரத்தில் மனசில் வருவதை வாசித்து, பிடித்துப்போனதை மறந்துவிடாமல் இருக்கத் திரும்பத் திரும்ப வாசித்துப் பார்த்து, பிறகு எழுதி வைத்துக்கொள்வாராம். கூடவே இருந்த ஸோன்லைட்னர் என்ற நண்பர் பின்னாளில் எழுதிய குறிப்பு இது. அதைப் படித்த நிமிஷம் நம் விடுதி மொட்டைமாடியும் நீயும்தான் கண் முன்னால் வந்தீர்கள். நாங்கள் விடிய விடிய ஆடினோம். நீ ஹார்மோனியத்தை விட்டு எழுந்ததே இல்லை. "நீயும் வாடா" என்று யாரும் உன்னைக் கூப்பிட்டதாகவும் ஞாபகம் இல்லை. இத்தனை வருஷம் கழித்து அதற்காக வருத்தப்படுகிறேன்.

எல்லோரையும் ஆட வைத்த ஷூபர்ட் சந்தோஷமாக இருந்தாரா என்றால், இல்லை. 1823இல் கடுமையான நோய். அந்த மே மாதத்தில் எழுதிய பன்னிரண்டு ஜெர்மன் நடனங்களை இப்போது வாசிக்கிறேன். சிரிப்பு நடுவில் தொண்டை அடைக்கிற மாதிரி சோகச் சாயலான ஒரு மைனர் சுரவரிசை வந்து, நாம் கவனிப்பதற்குள் போய்விடும். அவர் இருந்தவரை இவை அச்சாகவே இல்லை. கையெழுத்துப் பிரதியை வைத்திருந்த இசையமைப்பாளர் பிராம்ஸ்தான் 1864இல் வெளியிட்டார். பியானோ மேதை லிஸ்ட் ஷூபர்ட்டின் வேறு நடனங்கள் பலவற்றை எடுத்து மேடைக்காக விரித்து எழுதினார். கேட்க அழகுதான், ஆனால் எனக்கு அந்தச் சின்ன அறையே போதும்.

1824 மார்ச்சில், ரோமில் இருந்த தன் ஓவிய நண்பர் லியோபோல்ட் குப்பல்வீசருக்கு ஒரு கடிதம் எழுதினார். உலகத்திலேயே தன்னைப் போலத் துயரப்பட்டவன் இல்லை என்றும், ஒவ்வொரு ராத்திரியும் இனி கண் விழிக்கக் கூடாது என்று நினைத்தே தூங்கப் போவதாகவும் அதில் இருக்கிறது. இரண்டரை வருஷம் கழித்து, 1826 செப்டம்பரில், அதே குப்பல்வீசருக்குக் கல்யாணம். அன்றைக்கு வேறு யாரையும் பியானோவைத் தொட விடாமல் ஷூபர்ட்டே வாசித்தாராம். அதில் ஒரு வால்ட்ஸை அவர் எழுதி வைக்கவே இல்லை. மணப்பெண் மனசில் வைத்துக்கொண்டாள். அந்தக் குடும்பத்தில் தலைமுறை தலைமுறையாகக் காதால் கேட்டே வாசித்து வந்தார்கள். 1943இல் இசையமைப்பாளர் ரிச்சர்ட் ஸ்ட்ராஸ் அதைக் கேட்டு எழுதி வைத்தார். 117 வருஷம், ஒரு தாள்கூட இல்லாமல்!

அந்த வால்ட்ஸ் ஜி ஃப்ளாட் மேஜர் என்ற சுரவரிசையில் இருக்கிறது, பெரும்பாலும் கறுப்புக் கட்டைகள். என் விரலுக்கு இன்னும் கஷ்டம்தான். ஆனாலும் ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம் தினமும் ஒரு தடவை வாசிக்கிறேன்.

நீ மொட்டைமாடியில் வாசிப்பாயே, அந்தப் பெயர் இல்லாத மெட்டு, மூன்றாவது வரியில் சட்டென்று கீழே இறங்குமே, அதன் முதல் இரண்டு வரி எனக்கு ஞாபகம் இருக்கிறது. மூன்றாவது வரவில்லை. பொங்கலுக்கு ஊருக்கு வருகிறேன். நீ ஏணியில் ஏற வேண்டாம், ஹார்மோனியத்தை நானே இறக்குகிறேன். பேத்தியையும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்.

அன்புடன்,
உன் பழைய அறைத்தோழன்