‘கூடப் போன சின்னக் கப்பல்’: மட்டக்களப்புத் தம்பி ஒருவருக்கு

அன்புள்ள தம்பி,

1942இல் ஜப்பானிய விமானங்கள் மூழ்கடித்த பிரித்தானிய விமானந்தாங்கிக் கப்பலான ஹெர்மிஸைப் பார்க்க வரும் சுழியோடிகளுக்கு வள்ளத்தில் வைத்து நீர் சொல்லும் விளக்கம் நல்லது. ஆனால் அதே தாக்குதலில் மூழ்கிய வாம்பயர் அதில் ‘கூடப் போன சின்னக் கப்பல்’ என்று ஒரே வரியில் முடிந்துவிடுகிறது. அந்த நாசகாரிக்கு (வேகமாக ஓடும் சிறு போர்க்கப்பல்) இன்னும் நாலு வரி சேரும்.

1917இல் இங்கிலாந்தின் கவ்ஸில் நீரில் இறக்கிய கப்பல் அது. 1933இல் அவுஸ்திரேலியக் கடற்படைக்குக் கைமாறியது. இரண்டாம் உலக யுத்தம் தொடங்கியதும் இன்னும் நான்கு கிழட்டு நாசகாரிகளோடு மத்தியதரைக் கடலுக்குப் போனது. ஜெர்மன் பிரசாரம் அவற்றைப் பழைய இரும்பு என்று நக்கலடிக்க, மாலுமிகள் அதையே அணியின் பெயராக்கிக்கொண்டார்கள். 1941 டிசம்பர் 10இல் மலாயாவுக்கு அப்பால் ரிபல்ஸ் என்ற பிரித்தானியப் போர்க்கப்பல் மூழ்கியபோது 225 பேரைத் தண்ணீரிலிருந்து தூக்கியது. அடுத்த மாதம் மலாயாவின் எண்டாவ் கரையோர இரவுச் சண்டையில் கூட வந்த தானெட் என்ற நாசகாரி மூழ்கியது, வாம்பயர் தப்பியது.

‘ஏன் விமானங்களைச் சுட்டு விழுத்தவில்லை?’ என்று யாராவது கேட்பார்கள். வாம்பயரின் முக்கிய ஆயுதம் நான்கு 4 அங்குலப் பீரங்கிகள். அவற்றை 30 பாகைக்கு மேல் நிமிர்த்த முடியாது. மற்றக் கப்பல்களைச் சுடுவதற்கென்று செய்தவை. செங்குத்தாய்ப் பாயும் குண்டுவீச்சு விமானமோ 60 பாகைச் சரிவில் இறங்கும். பாய்ச்சல் தொடங்கிவிட்டால் நான்கும் வேடிக்கை பார்க்க வேண்டியதுதான். எஞ்சுவது சில சிறு துப்பாக்கிகளும் ஓட்டமும். முழு வேகத்தில் ஓடி, குண்டு விழும் சில விநாடிகளுக்குள் சுக்கானைக் கடுமையாகத் திருப்ப வேண்டும். அதற்கு நீராவி இடைவிடாமல் வர வேண்டும்.

1942 ஏப்ரல் 9 அன்று அறுந்தது அந்த நீராவிதான். திருகோணமலைக்குத் தாக்குதல் வருகிறது என்று முந்தின இரவே இரு கப்பல்களும் துறைமுகத்தை விட்டுத் தெற்கே போயின. காலையில் திரும்பி வரும் வழியில் ஜப்பானிய வேவு விமானம் கண்டுவிட்டது. ஹெர்மிஸ் விமானந்தாங்கிதான், ஆனால் அன்று அதில் ஒரு விமானமும் இல்லை. (இதைச் சொல்லாமல் விடாதீர், பலர் நம்பவே மாட்டார்கள்.) கரையிலிருந்த சண்டை விமானங்களும் வேளைக்கு வந்து சேரவில்லை. 10:35 அளவில் தொடங்கிய தாக்குதலில் ஹெர்மிஸ் 20 நிமிடம்தான் தாங்கியது.

பிறகு வாம்பயர். முதலில் வந்த குண்டுகள் பக்கத்துத் தண்ணீரில் விழுந்தன. அடுத்தது கொதிகலன் அறைக்குள்ளேயே விழுந்தது. நீராவி போனதும் டர்பைன் நின்றது, கப்பல் அசையாத இலக்கானது. அடுத்தடுத்து இன்னும் நான்கு குண்டுகள் பட்டன. கப்பலைக் கைவிடும் கட்டளை வந்து, ஆட்கள் மிதவைகளோடு விலகி நீந்தும்போதுதான் நடு முறிந்தது. முன்பாதி உடனே போனது. பின்பாதி கொஞ்ச நேரம் மிதந்து, 11 மணி கடந்ததும் பெரும் வெடிப்போடு மூழ்கியது. வெடித்தது வெடிமருந்து அறையாக இருக்க வேண்டும்.

ஹெர்மிஸில் 307 பேர் இறந்தார்கள். வாம்பயரில் தளபதி வில்லியம் மொரான் உட்பட 9 பேர். கப்பல் முறியுமுன்னே கட்டளை வந்ததுதான் இந்த எண்ணிக்கை குறைந்ததற்குப் பெரிய காரணம். இன்னொன்று, அவ்வழியே வந்த வீட்டா என்ற மருத்துவக் கப்பல். இரு கப்பல்களிலிருந்தும் ஏறத்தாழ 600 பேரை அது ஏற்றிக்கொண்டது.