பயணப்படிப் பட்டியலில் உள்ள பதின்மூன்று மணி நேரம்

அரசுப் பணியாளர்களுக்கான விடுப்பு விதிகளை வகுக்கும் மதிப்பிற்குரிய உயர் அலுவலர்களுக்கு,

வணக்கம். கிருஷ்ணகிரி மாவட்டத்தில் ஓர் அரசு அலுவலகத்தில் உதவியாளராகப் பணிபுரிகிறேன். செவ்வாய்க்கிழமை காலை 10 மணிக்கு வராமல் 10.40-க்கு வந்ததற்கு விளக்கம் கோரி எனக்குச் சென்ற வாரம் ஒரு குறிப்பாணை வழங்கப்பட்டது. விளக்கம் கொடுத்துவிட்டேன். அலுவல் பயணத்தில் கழியும் நேரத்துக்கு ஈடான ஓய்வு வேண்டும் என்று, அதில் எழுத முடியாததை இங்கே எழுதுகிறேன்.

முந்தைய நாள், திங்கள் காலை 10.30 மணிக்குச் சென்னையில் ஆய்வுக் கூட்டம். 2004-இல் மாவட்டத் தலைநகரான எங்கள் ஊருக்கு இன்றும் ரயில் இல்லை என்பதால், ஞாயிறு இரவு 10 மணிக்குக் கோப்புப் பையை மடியில் வைத்துக்கொண்டு பேருந்தில் அமர்ந்தேன். கோயம்பேட்டில் இறங்கும்போது மணி 4.30. விடுதியில் அறை எடுத்தால் கைக்காசு கரையும். ஆகவே கட்டணக் குளியலறை வரிசையில் நின்று, கோப்புப் பையைக் கதவின் ஆடும் கொக்கியில் மாட்டி, அது ஈரத்தரையில் விழுந்துவிடாமல் ஒரு கையால் தாங்கிக்கொண்டே மறுகையால் சேலை மாற்றினேன். எங்கள் மாவட்டத்தின் முறை மாலை 5 மணிக்கு வந்து நான்கு நிமிடத்தில் முடிந்தது. திரும்பும் பேருந்து ஊருக்குள் வராமல் அதிகாலை 2.15-க்கு மேம்பாலத்தடியில் இறக்கிவிட்டது. அன்று காலைதான் நாற்பது நிமிடத் தாமதம்.

பயணப்படிப் பட்டியலில் புறப்பட்ட நேரம், சேர்ந்த நேரம் என்று தனித்தனிக் கலங்கள் உண்டு. போகும்போது ஆறரை, வரும்போது ஆறரை எனப் பதின்மூன்று மணி நேரத்தை நான் நிமிடச் சுத்தமாக நிரப்பினேன்; அலுவலகமும் ஒப்புக்கொண்டது. பேருந்துக் கட்டணத்துக்காக அரசு ஏற்றுக்கொள்ளும் அந்த மணிகளை, வருகைப் பதிவேடு மட்டும் ஏன் அறியாது? விடுமுறை நாளில் பணிக்கு வந்தால் ஈடுசெய் விடுப்பு உண்டு. ஞாயிறு இரவு முழுவதும் அரசுக் கோப்போடு பேருந்தில் கழித்தால் எங்கள் அலுவலகக் கணக்கில் அது என் சொந்த நேரம். அலுவல் நேரத்துக்கு வெளியே அரசுப் பணிக்காகப் பயணத்தில் கழியும் மணிகளுக்கு ஈடான ஓய்வு நேரம் வேண்டும் என்பதே என் கோரிக்கை.

இது உலகில் இல்லாத புதுமையன்று. அமெரிக்க நடுவணரசு 2004-இல் சட்டம் இயற்றி, 2005 சனவரி முதல் தன் ஊழியர்களுக்கு இதை வழங்கிவருகிறது. அங்கே இதற்குப் பணம் கிடையாது. ஓய்வு நேரம் மட்டுமே. வீட்டிலிருந்து அலுவலகத்துக்கு வழக்கமாகச் செல்லும் நேரத்தைக் கழித்து, ஆறு நிமிடமோ பதினைந்து நிமிடமோ கொண்ட அலகுகளில் கணக்கிடுகிறார்கள். 26 ஊதியக் காலங்களுக்குள், அதாவது ஏறத்தாழ ஓராண்டுக்குள், பயன்படுத்தாவிட்டால் அது காலாவதியாகிவிடும். கருவூலத்துக்குச் சுமையில்லாத, கஞ்சத்தனமான ஏற்பாடுதான். அந்தக் கஞ்சத்தனமே எங்களுக்குப் போதும்.

சென்னைக் கூட்டம் என்றாவது ஒருநாள் வருவது. அஞ்செட்டி, தேன்கனிக்கோட்டைப் பக்கம் மலைக்கிராம முகாம்களை முடித்துவிட்டு, யானை நடமாடும் காட்டுச்சாலையில் இருட்டியபின் இருசக்கர வாகனத்தில் திரும்பும் களப்பணியாளர்களுக்கு இது வாரந்தோறும் நடப்பது. கொரோனா காலத்தில் காணொலியிலேயே எத்தனையோ கூட்டங்களை நடத்திய அரசுக்கு, நான்கு நிமிடப் பேச்சுக்கு ஓர் ஊழியரை இரண்டு இரவு அலைக்கழிப்பது எப்படித்தான் சிக்கனமாகத் தோன்றுகிறதோ! நேரில் வந்தால் தேநீரும் இரண்டு பிஸ்கட்டும் கிடைக்கும் என்பதை மறுப்பதற்கில்லை.

வரம்பு மீறியிருந்தால் பொறுத்தருள்க. ஆண்டுக்குள்ள 12 நாள் தற்செயல் விடுப்பில் ஒன்றை, தூங்குவதற்காகவே மறுநாள் புதன்கிழமை எடுத்தவள் என்பதால் சொற்கள் சற்றுத் தடித்துவிட்டன. இரவுப் பயணத்துக்கு மறுநாள் முற்பகல் மட்டுமாவது பணிநேரமாகக் கருதப்படும் என்று ஒரு சுற்றறிக்கை பிறப்பித்தாலே பெரும்பாலான குறைகள் தீர்ந்துவிடும். பயண மணிகளுக்கு ஈடான ஓய்வு நேரம் வழங்க ஆவன செய்யுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

அடுத்த ஆய்வுக் கூட்டத்துக்கான கடிதம் நேற்று வந்துவிட்டது. அதுவும் திங்கட்கிழமை, காலை 10.30 மணி.

இப்படிக்கு,
கிருஷ்ணகிரி மாவட்ட அரசு ஊழியர் ஒருவர்